நாற்பதுக்குப் பிறகு ஐ.ஐ.டி. மெட்ராஸின் டேட்டா சயின்ஸ் பட்டம்: யாருக்குச் சரிவரும்?

வங்கியிலோ கணக்கு அலுவலகத்திலோ இருபது வருஷம் இருந்துவிட்டு டேட்டா வேலைக்கு மாற நினைப்பவர்களுக்கு, இன்று தைரியமாகச் சொல்லக்கூடிய படிப்புகளில் ஒன்று இது. 2020-ல் தொடங்கிய ஆன்லைன் படிப்பு. வயது வரம்பு கிடையாது, ஜே.இ.இ. வேண்டாம். பிளஸ் டூ முடித்து, பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். நான்கு வாரப் பாடம் படித்து, வாராந்திர அசைன்மெண்ட் செய்து, தேர்வு மையத்துக்குப் போய் குவாலிஃபையர் என்ற தகுதித் தேர்வு எழுத வேண்டும். பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான்.

முழுப் பட்டம் 142 கிரெடிட் (பாடங்களின் அளவைக் குறிக்கும் அலகு). அதைப் பார்த்து மலைக்க வேண்டாம், இடையிலேயே சான்றிதழோடு நின்றுகொள்ளலாம். நடுவயதில் வருபவர்கள் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் (32 கிரெடிட்), அதன்மேல் ஒரு டிப்ளமோ (27 கிரெடிட்) என்று இலக்கு வைப்பதே நல்லது. வருஷத்துக்கு மூன்று டேர்ம். டேர்முக்கு இரண்டு பாடம் எடுத்தால், எதிலும் தவறாதவருக்கு ஏறக்குறைய இரண்டரை வருஷம். எடுக்கும் பாடத்துக்கு மட்டும் அந்தந்த டேர்மில் பணம் கட்டினால் போதும்.

ஒரு பாடத்துக்கு வாரம் பத்து மணி நேரம் என்கிறார்கள். அதைக் குறைத்து எடைபோட வேண்டாம். வேலைக்குப் போய்க்கொண்டே மூன்று பாடம் எடுத்தால், அசைன்மெண்ட் கெடு தவறும். அதில் சராசரி 40 வராவிட்டால் எண்ட் டேர்ம் தேர்வே எழுத முடியாது. இரண்டு குவிஸும் எண்ட் டேர்மும் மையத்தில் நேரில் எழுதுபவை, அந்த ஞாயிறுகளில் கல்யாணம் காதுகுத்து எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

பாடங்களில் எங்களுக்கு மிகவும் பிடித்தது கம்ப்யூட்டேஷனல் திங்கிங். மளிகைக்கடை பில், மதிப்பெண் அட்டை, சொற்கள் எழுதிய சீட்டு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டி, எதை எண்ணுவது, எதைக் குறித்துவைப்பது என்று கையாலேயே செய்துகாட்டுகிறார்கள். புரோகிராமிங் வாடையே தெரியாதவருக்கு இதைவிட நல்ல வாசல் இருக்க முடியாது.

அடுத்து வரும் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழிப் பாடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கண்காணிப்பில் நேரக்கெடு வைத்து புரோகிராம் எழுதும் தேர்வு தனியாக உண்டு, வீடியோ மட்டும் பார்த்தவர் அதில் கை நடுங்கி உட்கார்ந்துவிடுவார். லாஜிக் சரியாக இருந்தும் மார்க் போவது இன்னொரு கொடுமை. இன்புட் கட்டளையின் அடைப்புக்குள் "எண்ணைத் தருக" என்று ஒரு வரி சேர்த்தால், அதுவும் அவுட்புட்டில் அச்சாகி, விடையைத் தானாகச் சரிபார்க்கும் டெஸ்ட் கேஸ் தோற்றுவிடும். தினமும் அரை மணி நேரமாவது தட்டச்சு செய்தே பழக வேண்டும்.

டிப்ளமோவில் எதை எடுப்பது? புரோகிராமிங் பக்கம் போனால் ஃப்ளாஸ்க், வியூ ஜே.எஸ். என்ற மென்பொருள் கருவிகளைக் கொண்டு இரண்டு வெப் ஆப் செய்ய வேண்டும். இரவு நேர உழைப்பு அதிகம். துறை அனுபவம் உள்ளவருக்கு டேட்டா சயின்ஸ் டிப்ளமோதான் பொருத்தம் என்பது எங்கள் கருத்து. காரணம், அதிலுள்ள பிசினஸ் டேட்டா மேனேஜ்மெண்ட் புராஜெக்ட். உண்மையான ஒரு கடையிலோ நிறுவனத்திலோ டேட்டா வாங்கி, அலசி, யோசனை சொல்ல வேண்டும். ஸ்டாக் ஏன் தேங்குகிறது, வசூல் ஏன் இழுக்கிறது என்பதெல்லாம் இருபது வருஷம் பார்த்தவருக்கு அத்துப்படி. இன்டர்வியூவில் முதலில் எடுத்துவைக்க வேண்டியதும் இந்த ரிப்போர்ட்தான். ஃப்ரெஷர் வரிசையில் நின்றால் இருபத்திரண்டு வயதுக்காரரோடு போட்டி. தன் துறையிலேயே அனலிஸ்ட் வேலை தேடினால் அனுபவத்துக்கு மதிப்பு உண்டு.

சேருமுன் ஒன்று செய்யுங்கள். பாட வீடியோக்கள் யூடியூபில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஃபவுண்டேஷனில் வரும் மேத்ஸ் 1 பாடத்தின் முதல் நான்கு வாரத்தைப் பார்த்து, கணக்குகளைப் பேப்பரில் போட்டுப் பாருங்கள். நேர்கோட்டுச் சமன்பாடும் இருபடிச் சார்பும் தடுமாறினால், பள்ளிக் கணிதப் புத்தகத்தை எடுத்து இரண்டு மாதம் உட்கார்ந்துவிட்டு அடுத்த டேர்முக்கு விண்ணப்பியுங்கள்.