இதழியலா, மக்கள் தொடர்பா?

மாஸ் கம்யூனிகேஷனில் சேர்ந்த கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகள் திருதிருவென முழிப்பது இந்தக் கேள்விக்குத்தான்.

இதழியல் என்றால் செருப்பு தேய வேண்டும். திங்கள்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போய் வாசலில் நின்றாலே போதும். பட்டா கேட்டு வந்த பாட்டியிடம் ஒரு செய்தி, காலிக்குடத்தோடு வந்தவர்களிடம் இன்னொன்று. போதாததற்கு, 2011-இல் 'தானே' புயல், 2024-இல் 'ஃபெஞ்சல்' புயல் என்று புயல்கள் கரையைக் கடக்கும் பகுதி இது. ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும்போது நிருபர் தெருவில் இருப்பார். ஆரம்பச் சம்பளமோ வெளியே சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது.

மக்கள் தொடர்பு நேரெதிர். வருகிற கேள்விக்கு நிறுவனத்தின் சார்பில் பதில் சொல்கிற வேலை. சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் வாயு கசிந்தால் மாலைக்குள் அறிக்கை தயாராக வேண்டும். அதில் 'வருந்துகிறோம்' போடலாமா என்று வக்கீலோடு மல்லுக்கட்டவும் வேண்டும். மற்றபடி மருத்துவமனை, கல்லூரி, ஹோட்டல் என்று புதுச்சேரியில் வாய்ப்புகள் உண்டு.

என்னைக் கேட்டால், முதலில் இரண்டு வருஷம் நிருபர் வேலை. அப்புறம் வேண்டுமானால் மாறிக்கொள்ளலாம். எந்த அறிக்கை குப்பைக்கூடைக்குப் போகும் என்று செய்தியறையில் பார்த்தவருக்கு, அச்சேறும்படி எழுதத் தெரியும். மக்கள் தொடர்பிலிருந்து இதழியலுக்கு வருபவர்கள் குறைவு, சம்பளம் விடாது.