1970 எஃப்-100 பிக்கப்புக்கு கிரவுன் விக்டோரியாவின் முன்பக்கம்: 31,000 மைலுக்குப் பிறகு

என்னுடைய 1970 ஃபோர்டு எஃப்-100 பிக்கப்பின் முன் சஸ்பென்ஷனை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, 2008 கிரவுன் விக்டோரியா போலீஸ் காரின் முன்பக்கத்தைப் பொருத்தி நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இதுவரை 31,400 மைல் ஓட்டியிருக்கிறேன். இந்த வேலையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வண்டி கொட்டகையை விட்டு வெளியே வந்த அன்றைக்கே எழுதிவிடுகிறார்கள். மூன்றாவது ஆண்டில் என்ன தேயும், எது தளரும் என்று தேடியபோது எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு காலம் ஓட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

2018-ல் சான் அன்டோனியோ பக்கத்தில் இந்த வண்டியை வாங்கினேன். 115 அங்குல வீல்பேஸ், 360 வி8 எஞ்சின், பவர் இல்லாத ஸ்டீயரிங், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். 55 மைல் வேகத்தைத் தாண்டினால் ஸ்டீயரிங்கை இடதும் வலதுமாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். லாரி பக்கத்தில் கடந்துபோனால் வண்டி அரை லேன் நகரும். முன் டயர்கள் 8,000 மைலில் உள் ஓரம் மட்டும் வழுக்கையாகிவிடும். ஹூஸ்டனுக்கு ஐ-10 நெடுஞ்சாலையில் 200 மைல் ஓட்டி இறங்கினால் தோள்பட்டை இரண்டு நாள் வலிக்கும்.

காரணம் தெரிய அந்தப் பழைய அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1965 மாடலிலிருந்து ஃபோர்டு இந்த பிக்கப்களுக்கு ட்வின் ஐ-பீம் என்ற அமைப்பைக் கொடுத்தது. வார்ப்பல்ல, அடித்து உருவாக்கிய இரண்டு இரும்புத் தண்டுகள் எஞ்சினுக்குக் கீழே ஒன்றையொன்று கடந்து போகும். இடது சக்கரத்தின் தண்டு வலது பக்கத்திலும், வலது சக்கரத்தின் தண்டு இடது பக்கத்திலும் சேஸில் கீல் போட்டிருக்கும். சக்கரம் திரும்புவது கிங் பின்னில். நம்மூர் லாரிப் பட்டறையில் ஒரு நாள் நின்றவர்களுக்குக் கூட கிங் பின்னும் அதன் கிரீஸ் நிப்பிளும் தெரிந்திருக்கும், அதே சங்கதிதான். அசாத்திய உறுதி. ஆனால் சக்கரம் மேலும் கீழும் போகும்போது ஒரு வட்டத்தின் வில்லில் போகிறது. முன்பக்கம் தாழ்ந்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும், உயர்ந்தால் வெளியே சாயும். எனக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியிருந்தார். உள் ஓரம் தேய்ந்தது அதனால்தான். இந்தச் சாய்வைச் சரிசெய்யத் தண்டையே பிரஸ்ஸில் வைத்து வளைப்பார்கள். அப்படி வளைக்கத் தெரிந்த அலைன்மென்ட் கடைகள் இப்போது அரிது.

மாற்றுவது என்று முடிவானதும் முதலில் நினைவுக்கு வந்தது மஸ்டாங் 2 வகை. 1974 முதல் 1978 வரை வந்த அந்தச் சின்ன காரின் முன்பக்கத்தை வைத்துத்தான் பல பத்தாண்டுகளாகப் பழைய வண்டிகளுக்கு மாற்று செய்கிறார்கள். நான் அதை வேண்டாம் என்றதற்குக் காரணம் எடை. வி8 எஞ்சினோடு நிற்கும் ஒரு பிக்கப்புக்கு, 4,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள காருக்காகச் செய்த பாகங்கள்தான் சரி என்று பட்டது. 2003-ல் ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவின் சேஸை மாற்றியபோது முன்பக்கத்துக்கு ஒரு அலுமினியக் குறுக்குச் சட்டம் வந்தது. சக்கரத்தைத் தாங்கும் மேல் கை, கீழ் கை, ரேக் ஸ்டீயரிங், காயிலுக்குள் ஷாக் எல்லாம் அந்தச் சட்டத்தைச் சார்ந்தே நிற்கும். போல்ட்டைக் கழற்றினால் மொத்தமாக இறங்கிவிடும். ஃபோர்டு பொறியாளர்கள் வகுத்த கோணங்கள் எதுவும் கலையாமல் இன்னொரு வண்டிக்குப் போகும். ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் டை ராடின் நீளமும் கையின் நீளமும் ஒத்துப்போகாவிட்டால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். இங்கே அந்தக் கவலை இல்லை.

பழைய பாகங்கள் சேகரிக்கும் யார்டில் 350 டாலருக்கு முழு முன்பக்கமும் கிடைத்தது. 2011 செப்டம்பரில் கனடாவின் செயின்ட் தாமஸ் ஆலையில் அந்தக் காரின் உற்பத்தியே நின்றுவிட்டது. ஆனாலும் போலீஸும் டாக்சியும் ஓட்டி முடித்த கார்கள் அப்போது யார்டு நிறையக் கிடந்தன.

வேலையை 2020 டிசம்பரில் தொடங்கினேன். படிப்படியாக எழுதப் போவதில்லை. என்னை நிறுத்திவைத்த இடங்களை மட்டும் சொல்கிறேன். பழைய குறுக்குச் சட்டம் சேஸில் ரிவெட் அடித்திருக்கும், எஞ்சினும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும். அதனால் எஞ்சினை மேலிருந்து தொங்கவிட்டுத்தான் ரிவெட்டுகளை அறுக்க முடியும், எஞ்சின் தாங்கிகளையும் புதிதாகச் செய்ய வேண்டும். என் எஞ்சினின் ஆயில் பேனின் ஆழமான பகுதி புதிய சட்டத்துக்கு நேர் மேலே வந்தது. பின்பக்கம் ஆழமுள்ள பேனும் அதற்கான உறிஞ்சு குழாயும் வாங்கினேன். ஸ்டீயரிங் தண்டுக்கு மூன்று யுனிவர்சல் ஜாயின்ட் தேவைப்பட்டது. மூன்று போட்டால் நடுவில் ஒரு தாங்கு பேரிங் கட்டாயம், இல்லாவிட்டால் தண்டு நடுவில் மடங்கும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸை உறையவைத்த அந்தப் பனிப்புயலில் மின்சாரம் போய் ஒரு வாரம் வேலை நின்றது. எஞ்சின் சங்கிலியில் தொங்கியபடியே இருந்தது.

முன்பக்கம் மட்டும் மாறாது, பின்பக்கமும் மாறும். இதை யாரும் எனக்கு அழுத்திச் சொல்லவில்லை. எஃப்-100 சக்கரத்தின் ஐந்து போல்ட் வட்டம் 5.5 அங்குலம், கிரவுன் விக்டோரியாவுக்கு 4.5. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்றால் ஸ்டெப்னி இரண்டு வேண்டும். அதனால் அதே காரின் பின் ஆக்சிலையும் வாங்கி, அதன் பழைய பிடிகளை அறுத்துவிட்டு, கமான்பட்டைக்கு ஏற்ற தட்டுகளை வெல்டு செய்தேன். நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. அதற்கேற்ற பூஸ்டரும் மாஸ்டர் சிலிண்டரும் மாற்றினேன். காலிப் பிக்கப்பில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும் என்பதால் பின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வும் போட்டேன். முன்பக்கம் சுமார் 5 அங்குலம் தாழ்ந்துபோனது. அதற்குச் சமமாகப் பின்னாலும் தாழ்த்த ஆக்சிலைக் கமான்பட்டைக்கு மேலே ஏற்றி, சேஸில் அரைவட்டமாக வெட்டி இடம் கொடுத்தேன். சக்கரங்களும் போலீஸ் காரின் 17 அங்குல இரும்பு வீல்தான். இந்த முன்பக்கம் அகலமானது. பழைய பாணியில் வெளிப்பக்கம் குழிந்த வீலைப் போட்டால் டயர் ஃபெண்டருக்கு வெளியே நிற்கும். வண்டியின் பழைய முகம் வேண்டும் என்கிறவர்களுக்கு இது பெரிய இழப்பு. எனக்கும் ஒரு வருடம் மனம் ஒப்பவில்லை.

மொத்தச் செலவு 6,200 டாலர். அதில் அந்த 350 டாலர் பாகம் எவ்வளவு சிறியது என்று பாருங்கள்.

மார்ச்சில் சாலைக்கு வந்தது. பிரேக்கும் குலுக்கலும் முதல் நாளே வேறு வண்டி. ஆனால் ஸ்டீயரிங் எனக்குத் திருப்தி தரவில்லை. விரல் பட்டாலே திரும்பியது, வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் தானாக நடுவுக்கு வர மறுத்தது. பவர் ஸ்டீயரிங் பம்ப்பின் எண்ணெய் ஓட்டம் இந்த ரேக்குக்கு அதிகம் என்று புரிந்து, ஓட்டத்தைக் குறைக்கும் வால்வு போட்டேன். பாதி சரியானது. மீதிப் பாதிக்குக் காரணம் தெரியாமல் ஏறக்குறைய ஒரு வருடம் ஓட்டினேன்.

9,000 மைலில், ஆயில் மாற்றக் கீழே படுத்திருந்தபோது, புதிய குறுக்குச் சட்டத்தைச் சேஸோடு பிணைக்கும் இடது பக்கத் தாங்குதட்டின் ஓரத்தில் பெயின்டில் முடி போல ஒரு கோடு தெரிந்தது. துடைத்தேன், போகவில்லை. சுரண்டிப் பார்த்தேன். வெல்டிங் விரிந்திருந்தது. அந்த இடத்தை மட்டும் காசு கொடுத்து ஒரு பட்டறையில் செய்திருந்தேன். எஃப்-100 சேஸ் அந்த இடத்தில் திறந்த ‘சி’ வடிவம். உட்புறம் தகடு வைத்துப் பெட்டியாக்கிவிட்டுத்தான் தட்டை வெல்டு செய்யச் சொல்லியிருந்தேன். இடது பக்கம் பெட்டியாக்காமலேயே விட்டிருந்தார்கள். மேலே கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்ததால் எனக்கும் தெரியவில்லை. முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் என் மகளை முன்சீட்டில் வைத்து 70 மைல் வேகத்தில் ஓட்டியிருந்தேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வண்டியை நிறுத்திவிட்டேன். குழாய்ப் பாதை வேலையில் முப்பது வருடம் வெல்டராக இருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து பார்த்தார். இரண்டு பக்கத் தட்டையும் அறுத்தெடுக்கச் சொன்னார். “ஒரு பக்கம் மட்டும் செய்தால் இன்னொரு பக்கத்தைப் பற்றி நீங்கள் தினமும் யோசிப்பீர்கள்” என்றார். வெல்டு செய்யும் முன் கோணமானியை வாங்கிச் சேஸின் மேல் வைத்தார். வண்டி மூக்குத் தாழ்ந்து 2 டிகிரி சரிவில் நின்றது.

ஒரு வருடம் எனக்குப் பிடிபடாத காரணம் அங்கே இருந்தது. ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவுக்கு காஸ்டர் என்று பெயர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது போல. அந்தச் சாய்வுதான் சக்கரத்தை நடுவுக்கு இழுத்து வருகிறது. நான் குறுக்குச் சட்டத்தைச் சேஸுக்கு இணையாகப் பொருத்தியிருந்தேன். சேஸே 2 டிகிரி முன்னால் குனிந்து நின்றதால் காஸ்டரில் 2 டிகிரி போய்விட்டது. அலைன்மென்ட் தாளில் 3.5 என்று இருந்ததை நான்தான் பொருட்படுத்தவில்லை. தட்டின் நீளம் 12 அங்குலம். 2 டிகிரியை மீட்கப் பின்முனையில் 10 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகத் தடிப்பு வேண்டும். ஆப்பு போல ஒரு இரும்புப் பட்டை கடைந்து நடுவில் வைத்தோம். சேஸை இரண்டு பக்கமும் பெட்டியாக்கினோம், முக்கோணத் தாங்கல்களும் வைத்தோம். அடுத்த அலைன்மென்ட்டில் காஸ்டர் 5.5, கேம்பர், அதாவது சக்கரத்தின் தலை உள்ளே வெளியே சாயும் அளவு, மைனஸ் அரை டிகிரி.

அந்த வாரமே மெடினாவிலிருந்து வாண்டர்பூல் வழியாக லீக்கி போகும் 337 சாலையில் ஓட்டினேன். மலைச் சரிவை வெட்டி வளைத்து வளைத்துப் போட்ட சாலை அது. வளைவு முடிய முடிய ஸ்டீயரிங் உள்ளங்கைக்குள் தானாகச் சுழன்று நேரானது. லீக்கியில் இறங்கிக் காப்பி குடித்துவிட்டு, வந்த வழியே திரும்ப ஓட்டினேன். 1970 வண்டியில் இப்படி ஓட்ட முடியும் என்று அன்றுதான் நம்பினேன்.

அதன் பிறகு தேய்ந்தவை: 17,000 மைலில் வலது வெளி டை ராடு முனையின் ரப்பர் கிழிந்தது. 22,000-ல் இடது முன் ஹப் பேரிங் முனகத் தொடங்கியது. இது மூடிய ஹப், கிரீஸ் அடிக்க முடியாது, முழுதாகத்தான் மாற்ற வேண்டும். இரண்டுமே சாதாரண உதிரிபாகக் கடையில் அன்றைக்கே கிடைத்தன, வீட்டிலேயே மாற்றினேன். பால் ஜாயின்ட்டில் இன்றுவரை ஆட்டம் இல்லை. மீண்டும் வெல்டு செய்த பிறகு போட்ட முன் டயர்கள் 22,000 மைல் ஓடிவிட்டன, தேய்மானம் உள்ளும் புறமும் ஒரே அளவு.

சுமை விஷயத்தில் மட்டும் நான் தோற்றேன். முன்பு 1,000 பவுண்டு ஜல்லியை யோசிக்காமல் ஏற்றுவேன். இப்போது அந்தச் சுமைக்கு ஆக்சில் ரப்பர் தடுப்பில் இடிக்கிறது. பண்ணைப் பாதையில் குறுக்குச் சட்டமே தரையில் உரசியிருக்கிறது. உங்கள் பிக்கப் இன்னும் பிக்கப்பாக உழைக்கிறது என்றால் இதைத் தொடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கழற்றிய ஐ-பீம்களை, அதே வருட எஃப்-100 வைத்திருந்த ஒருவருக்குச் சும்மா கொடுத்தேன். அவர் கிங் பின், ரேடியஸ் ஆர்ம் புஷ், ஸ்டீயரிங் பாக்ஸ் எல்லாவற்றையும் புதிதாக்கி, வெட்டாத ஸ்பிரிங் போட்டு, தண்டை முறையாக வளைக்கத் தெரிந்த கடையில் அலைன்மென்ட் செய்தார். 1,100 டாலர் ஆனதாம். போன வருடம் அதை ஓட்டிப் பார்த்தேன். நேராக ஓடியது. என் வண்டி பழைய நாளில் அலைந்ததற்குப் பாதிக்கு மேல் காரணம் அமைப்பு இல்லை, தேய்மானமும் வெட்டிய ஸ்பிரிங்கும்தான். வளைவில் என் வண்டியின் பக்கத்தில் அது வராது. நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகிற நான் இன்றைக்கும் மாற்றத்தான் செய்வேன். ஆனால் அந்த 1,100 டாலரை முதலில் செலவழித்து, ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுத்திருப்பேன்.

2025 ஜனவரி 1 முதல் டெக்சாஸில் சொந்த உபயோக வண்டிகளுக்கு வருடாந்திரப் பாதுகாப்புப் பரிசோதனை கிடையாது. அதனால் ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் நானே தாங்குதட்டுகளைத் துடைத்து, டார்ச் அடித்து, நான்கு ஓரமும் பார்க்கிறேன். அந்த இடத்தில் இப்போது வெள்ளைப் பெயின்ட் அடித்திருக்கிறேன், விரிசல் வந்தால் உடனே தெரியும். யார்டுகளில் கிரவுன் விக்டோரியா குறைந்துகொண்டே வருகிறது. போன மாதம் மூன்று யார்டு சுற்றியதில் 2003-க்குப் பிந்தையது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதிலிருந்து ஹப்பைத் தாங்கும் இரண்டு நக்கிளும் ஒரு ஸ்டீயரிங் ரேக்கும் கழற்றி வந்து, எண்ணெய் தடவி, கொட்டகை அலமாரியில் வைத்திருக்கிறேன்.