ஆப்ல ஸ்டார் பாத்து டாக்டர் புக் பண்ணுதவங்க ஒருதடவ இதப் படிச்சிட்டுப் போங்க

திருநெல்வேலி, பாளையங்கோட்டை பக்கம் போன்லயே டாக்டர் தேடி புக் பண்ணுத எல்லாருக்கும் இத எழுதுதேன். கிளினிக் பேரு போடல, மனு குடுத்துருக்கேன், அது முடியட்டும். ஆனா நடந்தத விடாம சொல்லிருதேன், ஏன்னா அந்தக் கிளினிக்குக்கு எங்க அம்மா பேர்லயே ஒரு அஞ்சு ஸ்டார் ரிவ்யூ கெடந்துச்சு, அத எங்க அம்மா எழுதவே இல்ல.

அம்மாவுக்கு 63 வயசு. ஊரு கல்லிடைக்குறிச்சி. முப்பது வருசமா தரைல சம்மணம் போட்டு உக்காந்து அப்பளம் தேச்சவங்க, இப்ப ரெண்டு முட்டும் போயிருச்சு, கக்கூஸ் போய்ட்டு எந்திரிக்கணும்னா செவரப் புடிச்சுத்தான் எந்திரிக்காங்க. சுகர் வேற பத்து வருசமா இருக்கு. நான் கோயம்புத்தூர்ல வேலை பாக்கேன், மூணு நாள் லீவு கெடச்சுது, அதுக்குள்ள காட்டிரணும்னு ஆப்ல தேடுனேன். மொதல்ல வந்ததே இந்தக் கிளினிக்தான். 4.9 ஸ்டார், எண்ணூத்துச் சொச்சம் ரிவ்யூ, எலும்பு டாக்டர் ஒருத்தர் கோட்டு போட்டு சிரிச்சிட்டு நிக்க போட்டோ, இருபது வருச அனுபவம்னு கீழ எழுதிருக்கு. புதன்கிழமை 11 மணி ஸ்லாட், 600 ரூவா முன்னாடியே கட்டணும், கட்டிட்டேன். அம்மா நம்பரக் குடுத்துதான் புக் பண்ணுனேன்.

வெள்ளனமே செங்கோட்டை பாசஞ்சர்ல ஏறி ஜங்ஷன்ல எறங்கி ஆட்டோ புடிச்சு பத்தரைக்கே போயிட்டோம். ரிசப்ஷன்ல ஒரு கோடு போட்ட நோட்டு கெடக்கு, அதுல கையாலதான் டோக்கன் எழுதுதாங்க. போன்ல 11 மணின்னு காட்டுனேன். "அது ஆன்லைன்ல காட்டும்க்கா, இங்க வந்த வரிசைதான்"னு சொல்லி அந்தப் பிள்ள 34ன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்துச்சு. உள்ள அப்பதான் 12 போகுது. சரின்னு உக்காந்தோம், ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, அம்மாவால அந்த இரும்புச் சேர்ல உக்காரவும் முடியல, நிக்கவும் முடியல.

உள்ள கூப்ட்ட பொறவுதான் தெரியுது, போட்டோல இருக்கவரு இல்ல. யாரோ ஒரு சின்ன வயசு டாக்டர். பெரிய டாக்டர் எங்கன்னு கேட்டா, அவிய மதுரைல இருந்து சனிக்கிழமை மட்டும்தான் வருவாவளாம். அப்பறம் எதுக்கு புதன்கிழமைக்கு அவரு பேர்ல ஸ்லாட் தொறந்து வச்சு ரூவா வாங்குதீங்க? கேட்டேன். "நான் டூட்டி டாக்டர், அவரு சொல்றததான் செய்வேன்"னாரு. நான் அப்பவே அம்மாவ எழுப்பிக் கூட்டிட்டு வந்துருக்கணும். ஆனா அம்மா "இம்புட்டு தூரம் வந்தாச்சு, பாத்துட்டே போவோம்"னு சொன்னாங்க, அவங்க வலி அவங்களுக்கு.

எக்ஸ்ரேய வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு, ரெண்டு முட்டுலயும் தேய்மானம், இன்னைக்கே ஊசி போட்டுட்டா ஆப்ரேசன் வேண்டாம்னாரு. ஒரு முட்டுக்கு 3,800, ரெண்டுக்கும் 7,600. என்ன ஊசின்னு கேட்டதுக்கு "முட்டுக்குள்ள போடுத ஊசிம்மா"ன்னு மட்டும் பதில். சுகர் இருக்கான்னு கேக்கல, என்ன மாத்திரை சாப்டுதாங்கன்னு கேக்கல. நானும் வாயத் தொறந்து சொல்லல, கேப்பாருன்னு இருந்துட்டேன். நீங்க அப்டி இருக்காதீங்க, அவங்க கேக்கலன்னாலும் சுகர், பிரஷர், ஒத்துக்காத மருந்து எல்லாத்தையும் மொதல்லயே சொல்லிருங்க.

ஊசி போட்டு வெளிய உக்கார வச்ச பொறவு நான் கவுண்டர்ல ரூவா கட்டப் போனேன். அந்த நேரத்துல இன்னொரு பிள்ள அம்மாகிட்ட வந்து "ஆச்சி, போனக் குடுங்க, ஒரு ஓடிபி வரும்"னு வாங்கிருக்கு. கவுண்டர்ல பிளாஸ்டிக் ஸ்டாண்டுல கியூஆர் கோடு ஒண்ணு வச்சிருந்தாங்க, யூபிஐக்குன்னு நெனச்சேன். அது கூகுள் ரிவ்யூவுக்கு. அந்தப் பிள்ள அம்மா போன்ல அத ஸ்கேன் பண்ணி அதுவே அஞ்சு ஸ்டாரையும் அமுக்கி நாலு வரி டைப் பண்ணிட்டு போனத் திரும்பக் குடுத்துருக்கு. அம்மா "தங்கச்சி நல்ல பிள்ள, மெதுவாப் பேசுச்சு"ன்னு வீட்டுல வந்து சொன்னாங்க. அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

மூணாம் நாளு ராத்திரி அம்மா ஆறு தடவ ஒண்ணுக்குப் போக எந்திரிச்சாங்க, நாக்கு வறண்டு பேச்சே கொழறுது. வீட்டு மெஷின்ல குத்திப் பாத்தா 386. எப்பவும் 160, 170 தாண்டாது. விடிஞ்சதும் ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டு ஓடுனோம். அங்க இருந்த டாக்டர் கேட்ட மொத கேள்வி, ரெண்டு மூணு நாளுக்குள்ள எதாவது ஊசி போட்டீங்களான்னுதான். பில்ல நீட்டுனேன். புரொசீஜர் சார்ஜ் 7,600ன்னு மட்டும் போட்டிருக்கு, மருந்து பேரே இல்ல. சீட்டுல மேல பெரிய டாக்டர் பேரு அச்சடிச்சிருக்கு, கீழ கையெழுத்து ஒரு கோணக் கோடு, பதிவு எண் கெடையாது. ரெண்டு நாள் வார்டுல வச்சு இன்சுலின் போட்டு எறக்குனாங்க.

இங்கதான் உங்களுக்கு உபயோகமான விசயம். டாக்டர்களுக்கு 2002ல வந்த நடத்தை விதி இருக்கு. அதுப்படி பதிவு எண்ண கிளினிக்லயும் போடணும், மருந்துச் சீட்டுலயும் போடணும், ரசீதுலயும் போடணும். நோயாளியோ வீட்டு ஆளோ ரெக்கார்டு கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும்னும் அதுலயே இருக்கு. எனக்கு இத வார்டுல பக்கத்துக் கட்டில் அண்ணாச்சி ஒருத்தர்தான் சொன்னாவ. கைப்பட எழுதி ஒப்புகை அட்டையோட பதிவுத் தபால்ல அனுப்புனேன். 72 மணி நேரத்துல வரல, ரெண்டு தடவ போன் பண்ணி மனு குடுக்கப் போறேன்னு சொன்ன பொறவுதான் ஒத்தப் பேப்பர் வாட்ஸப்ல வந்துச்சு. போட்டது ஸ்டீராய்டு ஊசி. சுகர் உள்ளவங்களுக்கு முட்டுல ஸ்டீராய்டு போட்டா சில நாளைக்கு சுகர் ஏறுறது உண்டாம், அதுக்காக போடவே கூடாதுன்னு இல்ல, முன்னாடியே சொல்லிருந்தா தெனமும் குத்திப் பாத்துருப்போம், ஏறுதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே ஓடியிருப்போம். அந்த ஒரு வார்த்தைய சொல்லாததுக்குத்தான் எங்க அம்மா ரெண்டு நாள் கட்டில்ல கெடந்தாங்க.

வார்டுல உக்காந்துருக்கும்போதுதான் அம்மா போன்ல டிங்குன்னு ஒண்ணு வந்துச்சு, உங்க ரிவ்யூவ இத்தன பேரு பாத்துருக்காங்கன்னு. தொறந்து பாத்தா 'பெஸ்ட் டிரீட்மென்ட், ஃபிரண்ட்லி ஸ்டாஃப், நோ வெயிட்டிங்'. நோ வெயிட்டிங்காம். எனக்கு கையெல்லாம் நடுங்கிருச்சு. புதுசு மேல வாற மாதிரி மாத்தி வச்சு ஒண்ணொண்ணா படிச்சேன். அதே புதன்கிழமை மட்டும் ஏழு ரிவ்யூ, எல்லாம் அஞ்சு ஸ்டார், அதே மூணு சொல்லத் திருப்பித் திருப்பிப் போட்டு. பாதிப்பேர் பேரத் தட்டிப் பாத்தா வாழ்க்கைல அவங்க எழுதுன ஒரே ரிவ்யூ அதுதான். எங்க அம்மா மாதிரியே ஒவ்வொருத்தரும் ஆச்சி, தாத்தாவா இருப்பாங்கன்னு நெனைக்கும்போது வயிறு எரியுது. கொறஞ்ச ஸ்டார் மேல வாற மாதிரி மாத்துனா ஒரு பதினஞ்சு பேரு இருக்காங்க, அதுல நாலு பேரு நல்ல தமிழ்ல 'போட்டோல இருக்க டாக்டர் வரல'ன்னு எழுதி வச்சிருக்காங்க. நான் புக் பண்ணுததுக்கு முன்னாடியே எழுதிருக்காங்க. நான்தான் எறங்கிப் பாக்கல.

கூகுள்ல ரிவ்யூ எழுதுதவங்க அந்த எடத்துக்கு நெசமாவே போனாங்களான்னு முன்னாடியே சரிபாக்கதில்ல, போகாதவங்களும் எழுதிர முடியும். ஆப்ல அப்பாயின்மென்ட் முடிஞ்சவங்க மட்டும்தான் எழுத முடியும்னு சொல்லுதாங்க, ஆனா நான் நடந்தத அப்படியே எழுதுனத 'விதிமுறைக்கு ஒத்துவரல'ன்னு போடவே இல்ல, கிளினிக்ல இருந்து போன் வந்துச்சு, எழுதி அனுப்புனத வாபஸ் வாங்கிட்டா அடுத்த ஊசி பாதி ரேட்டாம். 2022 நவம்பர்ல ஆன்லைன் ரிவ்யூவுக்குன்னு இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐஎஸ் 19000ன்னு ஒரு தரமே கொண்டு வந்துச்சு, ரிவ்யூ எழுதுதவர் நெசமான ஆளான்னு சரிபாக்கணும், மோசமான ரிவ்யூவ அமுக்கக் கூடாதுன்னு. ஆனா விருப்பம் இருந்தா கடைப்பிடிக்கலாம்னுதான் அத கொண்டு வந்தாங்க.

அம்மா போன்ல மேப்ஸத் தொறந்து அந்த ரிவ்யூவ அழிச்சிட்டேன், அதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டேன், நீங்களும் அழிக்கதுக்கு முன்னாடி எடுத்துருங்க. 1915ன்னு நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம், அங்க புகார் பதிஞ்ச பொறவு ஆப்காரங்க 600 ரூவாய திருப்பிப் போட்டுட்டாங்க. கிளினிக் 7,600ல ஒத்த ரூவா தரல. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல, நாம குடுத்த ரூவா அஞ்சு லட்சம் வரைக்கும்னா கட்டணமே இல்லாம வழக்கு போடலாம், ரெண்டு வருசத்துக்குள்ள போட்டா போதும், அந்த பேப்பர் எல்லாம் சேத்துட்டு இருக்கேன்.

என்கூட வேலை பாக்குதவ நேத்து கேட்டா, அப்ப எதப் பாத்துத்தான் போகன்னு. இப்ப நான் செய்யுதத சொல்லுதேன். ஆப்ல புக் பண்ணாம கிளினிக் நம்பருக்கே போன் அடிச்சு, இந்த டாக்டர் எந்தெந்தக் கிழமை வாராவ, அவியளே பாப்பாவளான்னு பேரச் சொல்லிக் கேக்கேன். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் வெப்சைட்ல டாக்டர் பேரோ பதிவு எண்ணோ போட்டுப் பாக்கேன். ஸ்டார பாக்கதே இல்ல, மூணு ஸ்டார் போட்டவங்க எழுதுனத மட்டும் படிக்கேன், அவங்கதான் நல்லதையும் கெட்டதையும் சேத்துச் சொல்லுதாங்க. அம்மாவ இப்பக் காட்டுதது பாளையங்கோட்டைல ஒரு வயசான டாக்டர்கிட்ட, அவருக்கு 3.6 தான், கொறச்சவங்க எல்லாம் கூட்டத்துக்கும் வண்டி நிறுத்த எடமில்லாததுக்கும் கொறச்சிருக்காங்க. அவரு அம்மாவ கட்டில்ல படுக்கப் போட்டு, முட்டுக்கு அடில துண்டச் சுருட்டி வச்சு, தொடைய இறுக்கி அஞ்சு எண்ணச் சொல்லி பத்து தடவ செய்ய வச்சுப் பாத்துட்டுத்தான் விட்டாரு. ஃபீஸ் 300.

போன திங்கக்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள்ல மனு குடுத்தேன், அதச் சுகாதார இணை இயக்குநர் ஆபீஸுக்கு அனுப்பிருக்கதா சொன்னாங்க. இதே மாதிரி உங்க வீட்டுப் பெரியவங்க போன வாங்கி ரிவ்யூ போட்டிருந்தா, மேப்ஸத் தொறந்து அவங்க பேர்ல என்ன எழுதிருக்குன்னு இன்னைக்கே பாருங்க, ஸ்கிரீன்ஷாட்டோட எனக்குச் சொல்லுங்க, என் மனுவோட சேத்துக் குடுக்கேன். லீவு கெடச்சதும் மறுபடி கொக்கிரகுளம் போறேன், என்ன சொல்லுதாங்கன்னு வந்து எழுதுதேன்.