இட்லிக்காரர் குடும்பங்களிடம் நேர்காணல் சாட்பாட்: மூன்று மாத அனுபவம்

விடியற்காலையில் தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லிப் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு மும்பைத் தெருக்களில் ஹாரன் அடித்து விற்கப் போகும் தமிழ்க் குடும்பங்களின் கடன் நிலையைப் பற்றி எங்கள் சிறு ஆய்வுக்குழு ஓர் ஆய்வு செய்துவருகிறது. அதற்காக, நேர்காணல்களைத் தானே நடத்தித் தரும் சாட்பாட் சேவை ஒன்றைக் கட்டணம் செலுத்தி மூன்று மாதங்கள் பயன்படுத்தினோம். இத்தகைய சேவையை வாங்க எண்ணும் தமிழ் ஆய்வாளர்களுக்கு அந்த அனுபவம் உதவக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நாம் தரும் கேள்வித் தொகுப்பை வைத்துக்கொண்டு, பங்கேற்பவரின் வாட்ஸ்அப்புக்கு அது ஓர் இணைப்பை அனுப்புகிறது. அவர் குரலில் சொல்லும் பதில் எழுத்தாக மாற்றப்படுகிறது; அதைப் படித்த பிறகு, துணைக்கேள்வி கேட்பதா, அடுத்த கேள்விக்குப் போவதா என்று மொழி மாதிரி (மனிதரைப் போல வாக்கியம் அமைக்கும் செயற்கை நுண்ணறிவு நிரல்) முடிவு செய்து, தமிழ்க் குரலில் பேசுகிறது. உரையாடல் முடிந்த சில நிமிடங்களில் எழுத்துப்படி கைக்கு வந்துவிடுகிறது. ஒரு மணி நேரப் பதிவைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்ய ஒரு முழுநாளைச் செலவிட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நேரமும் வசதியாக அமைந்தது. நள்ளிரவு கழிந்ததும் அடுப்பு மூட்டி, மதியம் உறங்கும் குடும்பங்களில் நாங்கள் போய் நிற்கும் நேரம் எப்போதும் அவர்களுடைய உறக்கத்திலோ தண்ணீர் பிடிக்கும் வேளையிலோதான் வந்து முட்டும். சாட்பாட்டிடம் அவர்கள் ஓய்வாக இருந்தபோது பேசினார்கள். கணவருக்குத் தெரியாமல் சங்கிலியை அடகு வைத்த செய்தியை ஒரு பெண் அதனிடம்தான் சொன்னார். இருமுறை நேரில் போன என்னிடம் சொல்லவில்லை. எதிரில் இருப்பது மனிதர் இயக்காத கணினி என்று நம்பியவர்கள் கூடுதலாக மனம் திறந்தார்கள் என்று தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதைக் கண்ணெதிரே கண்டதாகவே உணர்ந்தேன்.

ஆனால் அந்தத் தனிமை எல்லா வீட்டிலும் கிடைப்பதில்லை. பத்துக்குப் பத்து அறையில், மகனுடைய போனில், மருமகள் பக்கத்தில் இருக்க, கடனைப் பற்றிப் பேசச் சொல்கிறோம். நேரில் போயிருந்தால் "வாங்கம்மா, வாசல்ல உக்காந்து பேசுவோம்" என்று நகர்த்திக்கொண்டு வரலாம். யார் உடனிருக்கிறார்கள் என்றுகூடக் கேட்காத சாட்பாட் வட்டி விகிதத்தைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது.

மொழியில்தான் மிகவும் ஏமாந்தோம். மும்பைத் தமிழில் 'கோலி' என்றால் குடியிருக்கும் அறை. "கோலிக்கு வாடக குடுத்து, மாவுக்குக் குடுத்து, மிச்சம் என்ன நிக்கும்?" என்று ஒரு பாட்டி கேட்டதை அது 'கோழி' என்று எழுதிக்கொண்டு, கோழி வளர்ப்பில் வரும் வருமானத்தைப் பற்றி மூன்று துணைக்கேள்விகள் கேட்டது. பாட்டி நெடுநேரம் பொறுமையாக, தன்னிடம் கோழி இல்லை என்று விளக்கியிருக்கிறார். எழுத்துப்படியைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் கொடுத்த அரை மணி நேரத்துக்கு நாங்கள்தானே பொறுப்பு? "தாங்கள் நிதிச் சுமையை எவ்வாறு எதிர்கொள்கிறீர்கள்?" என்று மேடைத் தமிழில் அது கேட்டதும், ஏதோ அரசாங்க விசாரணை என்று எண்ணி, பள்ளிக்கூடம் போகும் பேத்தியிடம் போனைக் கொடுத்துவிட்டவரும் உண்டு.

அதைவிடப் பெரிய குறை, மௌனத்தை அது கையாளும் விதம். கடனைப் பற்றிப் பேசும்போது மனிதர்கள் நிறுத்துவார்கள். அந்த நிறுத்தத்துக்குப் பின்னால்தான் உண்மையான பதில் வரும். நான்கைந்து விநாடி அமைதியானதும் பதில் முடிந்தது என்று கொண்டு, "வட்டி அதிகம் என்று கூறினீர்கள். அதைப் பற்றி மேலும் கூற முடியுமா?" என்று அது குறுக்கிட்டது. பேசியவரின் சொற்களையே கேள்வியாகத் திருப்பித் தரும் உத்தியை, கணினி அறிவியலாளர் ஜோசப் வைசன்பாம் 1966இல் தம் எலிசா என்ற உரையாடல் நிரலில் விளக்கிக்காட்டிவிட்டார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு, பொறுத்திருப்பதையாவது கற்றிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன்.

ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கான நேர்காணல்கள் என்பதே இச்சேவையின் முதன்மை விளம்பரம். நமக்கு அத்தனை தேவையா என்பதை வாங்குமுன் யோசிக்க வேண்டும். கானா, நைஜீரியாவில் எடுத்த 60 நேர்காணல்களை ஆராய்ந்து கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் ஆகியோர் 2006இல் எழுதிய கட்டுரையின்படி, பெரும்பாலான கருத்துகள் முதல் 12 நேர்காணல்களிலேயே கிடைத்துவிட்டன. ஓரளவு ஒத்த வாழ்க்கை கொண்ட ஒரு குழுவிடம், ஆழமில்லாத இருநூறைவிட நிதானமான பதினைந்து கூடுதலாகத் தரும்.

கட்டணம் எங்களால் தாங்கக்கூடியதே. குரல் பதிவுகள் எத்தனை நாள் சேமிக்கப்படும் என்று இருமுறை கேட்டும் நிறுவனத்திடமிருந்து தெளிவான பதில் வரவில்லை. ஒப்புதல் படிவமும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. பேச்சுத் தமிழில் நாங்களே ஒப்புதல் வாசகம் பதிவு செய்து முன்னால் சேர்த்தோம்.

குடும்பத்தில் எத்தனை பேர், மாவுச் செலவு எவ்வளவு, எத்தனை மணிக்கு விற்பனை போன்ற முதல் சுற்றுக் கேள்விகளை, சொந்தப் போன் வைத்திருக்கும் இளையவர்களிடம் மட்டும் இப்போது சாட்பாட் கேட்கிறது. கடனைப் பற்றிய கேள்விகளை அதிலிருந்து நீக்கிவிட்டோம். அவற்றைக் கேட்க, மதிய உறக்கம் கலைந்து தேநீர் போடும் நேரம் பார்த்து, நாங்களே போகிறோம். கோழியைப் பற்றிக் கேட்கப்பட்ட பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சென்ற வாரம் முதல் கேள்வியிலிருந்து மீண்டும் தொடங்கினேன்.