விண்டோஸ் 11க்கு மாறியபின் தமிழ் 99: கீமேன் என்ற தட்டச்சு மென்பொருள் பற்றி

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்ததால் எங்கள் அலுவலகக் கணினிகளை 11க்கு மாற்றினோம். அன்றிலிருந்தே, பல வருடமாக வைத்திருந்த பழைய தட்டச்சு மென்பொருள் படுத்த ஆரம்பித்துவிட்டது. 'அம்மா' என்று அடித்தால் 'அமம்ா' என்று வரும், துணைக்கால் ஒரு புள்ளிவட்டத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கும். மெதுவாக அடித்தால் ஒழுங்காக வரும், வேகம் எடுத்தால் போச்சு. நாள் முழுக்கத் தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்று சொல்லத் தேவையில்லை.

இந்த மாதிரி ஆனால் உடனே புது கீபோர்டு வாங்கக் கிளம்பாதீர்கள். விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையில் ஒரு கீபோர்டு வரும், கையில் இருக்கும் கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தும்போது அங்கேயும் அதே விசை ஒளிர்ந்தால் கருவியில் பழுதில்லை. விசையை அழுத்திப் பிடித்தால்தான் எழுத்தே வருகிறது என்றால் ஃபில்டர் கீஸ் (சட்டென்று தட்டும் விசைகளைக் கண்டுகொள்ளாமல் விடும் விண்டோஸ் வசதி) ஓடிக்கொண்டிருக்கும், வலது ஷிஃப்டை எட்டு விநாடி பிடித்தாலே அது வந்துவிடும், அணைத்துவிடுங்கள். அட் குறி (@) கேட்டால் மேற்கோள் குறி வருகிறதா, ஆங்கில அமைப்பு பிரிட்டன் கீபோர்டுக்கு மாறியிருக்கிறது. விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும் அழுத்தி, வரும் பட்டியலில் தேவையில்லாததை எல்லாம் அமைப்புகளுக்குள் போய் நீக்கிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

தமிழ் மட்டும் கெடுகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் தட்டச்சு மென்பொருள் வேலை செய்யும் விதத்தில்தான். பழையவை பல, நாம் அழுத்தும் விசையை வழியிலேயே மறித்து, அடித்த எழுத்தை அழித்து, புது எழுத்தை அனுப்பும். அந்த வரிசை கொஞ்சம் பிசகினாலும் புள்ளி இடம் மாறிவிடும். நிர்வாகி உரிமையில் திறந்த மென்பொருளுக்குள் இவற்றால் எழுத்தை அனுப்பவும் முடியாது. இப்படி இரண்டு ஒரே நேரத்தில் ஓடினால் கேட்கவே வேண்டாம், எழுத்து இரட்டிப்பாகும்.

கீமேன் அப்படி இல்லை. விண்டோஸிலேயே ஓர் உள்ளீட்டு முறையாகப் பதிந்துகொள்கிறது, தமிழ் மொழியின் கீழ் வந்து உட்காருகிறது, ஆங்கிலத்துக்கு மாறுகிற அதே ஸ்பேஸ் பாரில் இதற்கும் மாறலாம். 1993இல் லாவோ மொழிக்காகத் தொடங்கியது, இப்போது மொழிப் பணி செய்யும் எஸ்ஐஎல் அமைப்பு பராமரிக்கிறது, காசு கிடையாது, மூலநிரலும் திறந்தது. தமிழ் 99 என்ற தமிழ் விசை அமைப்புக்கான கீபோர்டை அதற்குள்ளிருந்தே தேடி இறக்கிக்கொள்ளலாம்.

முக்கியமாக எனக்குப் பிடித்தது, தமிழ் 99இன் விதிகள் அப்படியே வேலை செய்வது. அ, ம, ம, ஆ என்று நான்கே விசை, 'அம்மா' வந்துவிடுகிறது, நடுப்புள்ளி தானாக விழுகிறது. ப, ந, த, உ அழுத்தினால் 'பந்து'. 'மமதை' மாதிரி புள்ளி வேண்டாத இடத்தில் முதல் ம-வுக்கு அப்புறம் ஒரு அ தட்டினால் போதும். எவ்வளவு வேகமாக அடித்தாலும் வரிசை குலையவில்லை, வேர்டிலும் சரி, உலாவியிலும் சரி. விதிகள் மறந்துபோனவர்களுக்குத் திரையில் எழுத்துப் பலகையைத் திறந்து வைத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. மேக்கிலும் லினக்ஸிலும் இதே கீமேன் கிடைப்பதால் வீட்டில் வேறு கணினி வைத்திருப்பவர்கள் விரலைப் புதிதாகப் பழக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு நிறுவுங்கள், இது தருவது யூனிகோடு, அதாவது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. பாமினி போன்ற, தனிக் குறியீடு கொண்ட பழைய எழுத்துருவில் பக்கம் வடிவமைக்கிற அச்சகங்களுக்கு நேரடியாக உதவாது, எழுத்தை மாற்றித் தரும் மென்பொருள் ஒன்று இடையில் வேண்டும்.

நிறுவும் முன் பழைய மென்பொருளை முழுதாக நீக்கி, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிடுங்கள். திரையின் கீழ்ப் பட்டையில் அதன் சின்னம் மறைந்தால் மட்டும் போதாது, தொடக்கச் செயலிகள் பட்டியலிலும் அது இருக்கக் கூடாது.