புதிய நீதிமன்றம்: போய்வந்தவரின் மதிப்பீடு

டெக்சாஸில் எங்கள் கவுண்டிக்கு, அதாவது மாநிலத்துக்குள் இருக்கும் எங்கள் உள்ளாட்சிப் பகுதிக்கு, கிடைத்த புதிய மாவட்ட நீதிமன்றத்துக்கு என் கூரை வழக்கு மாறியது. முன்பு விசாரணைத் தேதி தள்ளிக்கொண்டே போனது. இங்கே குறித்த நாளிலேயே கூப்பிட்டார்கள். நீதிபதி புகைப்படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒழுகிய மூலை எது என்று என்னிடமே கேட்டார். அந்த நிதானம் பெரிய விஷயம்.

ஒரே ஆதங்கம் சட்டத்தின் மேல்தான். மாவட்ட நீதிமன்றத்தைக் கவுண்டி தானாக உருவாக்க முடியாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதிகபட்சம் 140 நாள் கூடும் மாநிலச் சட்டமன்றம் மனம் வைக்க வேண்டும். மக்கள்தொகை அதற்காகக் காத்திருக்குமா? பக்கத்து காலின் கவுண்டியில் 2010இல் 7,82,341 பேர்; 2020இல் 10,64,465 பேர்.

அப்புறம், போகிறவர்கள் வண்டியைப் பின்பக்கம் நிறுத்துங்கள். பாதுகாப்புச் சோதனை அங்கேதான்.