மன்னார்குடியில் இன்வெர்ட்டர் பேட்டரி வாரன்டி: மூன்று வார விடுமுறையில் ஒன்பது நாள்

டொராண்டோவிலிருந்து வந்து இறங்கிய முதல் ராத்திரியே கரண்ட் போனது. இன்வெர்ட்டர் 20 நிமிஷம்கூடத் தாங்கவில்லை. பேட்டரி வாங்கி 14 மாதம்தான் ஆகிறது. 36 மாதத்துக்குள் பழுதானால் இலவசமாக மாற்றித் தருவதாக வாரன்டி அட்டை சொல்கிறது. அம்மா கடைக்கு நாலு தடவை போன் பண்ணியிருக்கிறார். "ஆள் அனுப்புறோம்மா" என்பதோடு சரி. இந்தப் புழுக்கத்தில் பனையோலை விசிறியோடு இத்தனை நாள் உட்கார்ந்திருந்திருக்கிறார் என்று நினைத்தபோது மனசு ஆறவில்லை.

மறுநாள் கடைக்குப் போனால், "புகார் எதுவும் பதிவாகலையே சார்" என்றார்கள். நாலு போனுக்கும் புகார் எண் ஒன்றுகூட இல்லை. சரி, எழுதியே கொடுப்போம் என்று உட்கார்ந்தேன்.

பில்லை எடுத்தால் எழுத்தே இல்லை, மங்கி வெள்ளைத்தாளாகிவிட்டது. நல்லவேளை, அம்மாவின் போன் நம்பரை வைத்துக் கடையிலேயே மறுபடி அச்சடித்துத் தந்தார்கள். வாங்கிய அன்றே பில்லைப் போட்டோ எடுத்துவிடுங்கள். பேட்டரியில் இருந்த சீரியல் எண்ணை டார்ச் அடித்துப் பார்த்து அட்டையோடு ஒப்பிட்டேன். "தண்ணி ஊத்தலை" என்று கைவிரித்துவிடக் கூடாதே என்று, டிஸ்டில்டு வாட்டர் அளவு காட்டும் மிதவைகளையும் படம் எடுத்தேன்.

போன் பண்ணிய தேதிகள்தான் தெரியவில்லை. அம்மா காலண்டரைக் கொண்டுவந்து காட்டினார். பால் கணக்குக்குப் பக்கத்தில் நாலு தேதியும் பென்சிலில் இருந்தன! அப்படியே கடிதத்தில் சேர்த்தேன்.

கோபத்தை எழுதவில்லை. பழுது என்ன, 7 நாளில் சோதித்து மாற்ற வேண்டும், அவ்வளவுதான். மறுத்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்வேன் என்று ஒரு வரி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால் அம்மா திருவாரூரைத் தாண்டி அலைய வேண்டியதில்லை; பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. அதையும் எழுதினேன். கம்பெனிக்கு மின்னஞ்சல், கடைக்குக் கையில் ஒன்று. நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் டெக்னீஷியன் தம்பி வந்தார். ஆசிட் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை ஆறு செல்லிலும் விட்டுப் பார்த்து, "ஒரு செல் போச்சுண்ணே" என்றார். ஒன்பதாம் நாள் வேறு பேட்டரி வந்தது.

அப்புறம் ஒன்று: மாற்றித் தந்ததற்குப் புதிதாக 36 மாதம் கிடையாது, முதலில் வாங்கிய தேதியிலிருந்தே கணக்காம். புது சீரியல் எண்ணை அட்டையில் எழுதி, பக்கத்திலேயே கடை சீலும் வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.